ஹேண்டிகேப்டா, டிசேபிள்டா, டிஃபரன்ட்லி ஏபிள்டா: ஆங்கிலத்தில் எதை எழுதுவது?

ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பப் படிவம், ஒரு அழைப்பிதழ், ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கம், இப்படி எதை எழுத உட்கார்ந்தாலும் ஒரு இடத்தில் கை நின்றுவிடும். பார்வையில்லாதவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் வருபவர் எல்லாரையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும், அது யாரையும் நோகடிக்கவும் கூடாது. பழக்கத்தில் ஹேண்டிகேப்டு என்று வருகிறது, அது பழைய சொல் என்று யாரோ சொன்னது ஞாபகம் வருகிறது, டிசேபிள்டு என்று போட்டால் முகத்தில் அடித்த மாதிரி இருக்குமோ என்று தயக்கமாக இருக்கிறது, கடைசியில் வம்பில்லாமல் இருக்கட்டும் என்று டிஃபரன்ட்லி ஏபிள்டு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது, அதனால் ஒருமுறை விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுவான எழுத்துக்கு பர்சன் வித் டிசெபிலிட்டி அல்லது டிசேபிள்டு பர்சன், இரண்டுமே சரி, எது எப்போது என்பதைப் பின்னால் பார்க்கலாம். ஹேண்டிகேப்டு வேண்டாம். டிஃபரன்ட்லி ஏபிள்டு, ஸ்பெஷல் நீட்ஸ் இரண்டையும் ஒருவர் தன்னைப் பற்றித் தானே அப்படிச் சொல்லிக்கொண்டால் தவிர நாமாகப் போட வேண்டாம். இதைத் தீர்மானிக்க நான் வைத்துக்கொள்வது இரண்டு கேள்விகள்தான்: அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது யார்? அதை வைத்து ஒருவர் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்க முடியுமா?

ஹேண்டிகேப்டு பற்றி ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. போரில் கை கால் இழந்த வீரர்கள் தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுக்க ஒரு இங்கிலாந்து அரசர் அனுமதி கொடுத்தார், அதிலிருந்து வந்த சொல் இது, அதனால்தான் இழிவானது என்று. கேட்க உருக்கமாக இருக்கும், ஆனால் உண்மை கிடையாது. கை, தொப்பி இரண்டும் அந்தச் சொல்லில் இருப்பது உண்மைதான், ஆனால் அது ஒரு பண்டமாற்று விளையாட்டின் பெயர். இரண்டு பேர் தங்கள் பொருளை மாற்றிக்கொள்ள நினைப்பார்கள், நடுவர் ஒருவர் இரண்டின் மதிப்பையும் எடைபோட்டு மட்டமான பொருளைத் தருகிறவர் மேற்கொண்டு எவ்வளவு தர வேண்டும் என்று சொல்வார், பந்தயக் காசு தொப்பியில் இருக்கும், கையைத் தொப்பிக்குள் விட்டு எடுத்துத்தான் சம்மதமா இல்லையா என்று காட்டுவார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் 1660ல் இந்த விளையாட்டைக் குறிப்பிடுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரையின் மேல் கூடுதல் எடை ஏற்றி எல்லாக் குதிரைகளுக்கும் வாய்ப்பைச் சமமாக்குவார்கள், அப்புறம் அந்த எடைக்கே ஹேண்டிகேப் என்று பெயர் வந்துவிட்டது. மனிதர்களின் உடல் குறைபாட்டுக்கு இந்தச் சொல் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான்.

ஆக, அதை விட வேண்டிய காரணம் பிச்சைக் கதை இல்லை. அந்தச் சொல்லில் பாரம் முழுக்க அந்த மனிதரின் முதுகில் இருக்கிறது, அவரோடேயே ஓடுகிறது, வெளியே இருக்கிற எதுவும் பொறுப்பேற்பதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டவர்கள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், 1975ன் கல்விச் சட்டம் இரண்டிலும் ஹேண்டிகேப்டுதான் இருந்தது. 1990ல் வந்த அமெரிக்கன்ஸ் வித் டிசெபிலிட்டீஸ் ஆக்ட் பெயரிலேயே புதுச் சொல்லோடு வந்தது, அதே ஆண்டு அந்தக் கல்விச் சட்டத்தின் பெயரும் மாற்றப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1980ல் வெளியிட்ட வகைப்பாட்டில் இம்பேர்மென்ட், டிசெபிலிட்டி, ஹேண்டிகேப் என்று மூன்று படிகள் வைத்திருந்தது: உடலில் இருக்கும் குறைபாடு, அதனால் செய்ய முடியாமல் போகும் செயல், அதனால் சமூகத்தில் வரும் பின்னடைவு. 2001ல் புது வகைப்பாடு வந்தபோது மூன்றாவது சொல்லையே எடுத்துவிட்டார்கள். பழைய பாடநூல்களை வைத்துப் படிக்கிறவர்கள் இந்த மூன்று படிகளை இன்னும் மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள், அது காலாவதியான பாடம் என்று தெரிந்துகொண்டால் நல்லது.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோல்ஃப் ஆட்டத்தில் ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறனை ஈடுகட்டக் கொடுக்கும் எண், அதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம். பிரெஞ்சு மொழியிலோ இதே சொல் இன்றும் மதிப்பான பொதுச் சொல்லாகவே இருக்கிறது, பிரான்சின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. லியோன் நகரில் 1982ல் தொடங்கிய ஹேண்டிகேப் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2018ல் ஹியூமானிட்டி அண்ட் இன்க்ளூஷன் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஒரு மொழியில் கௌரவமாக உட்கார்ந்திருக்கும் சொல் இன்னொரு மொழியில் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழுக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது டிசேபிள்டு. இந்தச் சொல்லைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் அதிகம், பயத்துக்குக் காரணமும் புரிகிறது. கணினித் திரையில் அழுத்த முடியாமல் மங்கிக் கிடக்கும் பட்டனுக்கு டிசேபிள்டு என்கிறோம், முடக்கி வைத்த கணக்குக்கும் அதே சொல். அப்படி இருக்க ஒரு மனிதரை எப்படி அப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த உதாரணத்தையே இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். அந்தப் பட்டன் தானாக மங்கவில்லை. யாரோ ஒருவர் எழுதிய நிரல் அதை முடக்கி வைத்திருக்கிறது, அவர் நினைத்தால் மறுபடியும் இயங்கும். டிசேபிள்டு என்பது வினையிலிருந்து வந்த சொல், முடக்கப்பட்ட என்று அர்த்தம், அப்படியானால் முடக்கியது எது என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் பிரிட்டனில் இருந்த உடல் குறைபாடுள்ளவர்களே. உடல் குறைபாடுள்ளோர் தனிமைப்படுத்தலுக்கு எதிரான சங்கம் ஒன்று 1970களில் அங்கே இயங்கியது. குறைபாடு எங்கள் உடலில் இருக்கிறது, ஆனால் எங்களை முடக்குவது இந்தச் சமூகம் என்று 1976ல் அந்தச் சங்கம் எழுதி வெளியிட்டது. மைக் ஆலிவர் என்ற ஆய்வாளர் 1983ல் இந்தப் பார்வைக்குச் சமூக மாதிரி என்று பெயர் வைத்தார், அவரே சக்கர நாற்காலி பயன்படுத்தியவர். இதன்படி டிசேபிள்டு பீப்பிள் என்றால் ஏதோ குறைந்துபோன மனிதர்கள் என்று பொருள் இல்லை, சுற்றியிருக்கும் ஏற்பாடுகளால் முடக்கப்பட்ட மனிதர்கள் என்று பொருள்.

இது வெறும் தத்துவம் மாதிரி தெரியலாம். பார்வையில்லாத ஒருவர் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளோடு ஒரு இணையப் படிவத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், முகவரி, கல்வி எல்லாவற்றையும் நம்மை விட வேகமாகவே நிரப்பிவிடுவார். கடைசியில் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சா வருகிறது, ஒலி வழியில் கேட்கும் வசதியை யாரும் வைக்கவில்லை, அங்கேயே நின்றுவிடுகிறார். அவர் கண்கள் முதல் பக்கத்திலும் அப்படித்தான் இருந்தன, கடைசிப் பக்கத்திலும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியது படிவம். டிசேபிள்டு என்ற சொல் அந்தப் படிவத்தைச் சுட்டிக்காட்டுகிறது, ஹேண்டிகேப்டு அவரைச் சுட்டிக்காட்டுகிறது.

சொல்லின் பழைய வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. ஆங்கிலச் சட்ட மொழியில் டிசெபிலிட்டி என்பதற்கு வெகு காலமாகவே சட்டப்படியான தகுதியின்மை என்ற பொருள் உண்டு. வழக்குப் போட எவ்வளவு காலம் உண்டு என்று சொல்லும் இந்தியாவின் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 6வது பிரிவுக்குத் தலைப்பே லீகல் டிசெபிலிட்டி, அதில் முதலாவதாக வருகிறவர்கள் வயது வராதவர்கள். நல்ல ஆரோக்கியமான பதினாறு வயதுப் பிள்ளையும் அந்தப் பிரிவின் பார்வையில் டிசெபிலிட்டியில்தான் இருக்கிறார், ஏனென்றால் தானே நேரடியாக வழக்குப் போட சட்டம் அவரை விடுவதில்லை. (அதே பிரிவில் இடியட் என்ற சொல்லும் உட்கார்ந்திருக்கிறது, அது வேறு வருத்தம்.)

சமூக மாதிரி எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தீராத வலியோடு வாழ்கிற ஒருவருக்கு எல்லா இடத்திலும் சாய்தளமும் லிஃப்டும் வைத்தாலும் வலி போகாது. சோர்வினால் பாதி நாள் படுக்கையில் கழிக்கிறவரைப் பார்த்து உங்களை முடக்குவது சமூகம் மட்டும்தான் என்று சொன்னால் அவர் அனுபவத்தையே மறுக்கிற மாதிரி ஆகிவிடும். இதை அந்த இயக்கத்துக்குள் இருந்தவர்களே எழுப்பி விவாதித்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், பர்சன் வித் டிசெபிலிட்டி என்ற இன்னொரு வழியையும் கூடவே வைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் டிஃபரன்ட்லி ஏபிள்டு. தமிழர்கள் ஆங்கிலம் எழுதும்போது இது அதிகமாக வரக் காரணம் எளிது. மாற்றுத்திறனாளி என்ற தமிழ்ச் சொல் நம் வாயில் நன்றாகப் பழகிவிட்டது, அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பினால் டிஃபரன்ட்லி ஏபிள்டு வந்து நிற்கிறது. தமிழில் அந்தச் சொல்லைப் பலர் மனதார ஏற்றிருக்கிறார்கள், தங்கள் சங்கங்களுக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள், முன்பு ஊனமுற்றோர் என்றும் அதைவிட மோசமாகவும் அழைக்கப்பட்டவர்களுக்கு அது ஒரு மரியாதையைக் கொடுத்தது, அதைக் குறைசொல்ல எனக்கு எந்த எண்ணமும் இல்லை. ஆனால் பிரெஞ்சில் ஹேண்டிகேப் இருக்கும் நிலையும் ஆங்கிலத்தில் அது இருக்கும் நிலையும் வேறு என்று பார்த்தோமே, இங்கேயும் அதே கதைதான். தமிழில் மாற்றுத்திறனாளிக்குக் கிடைத்த வரவேற்பு ஆங்கிலத்தில் டிஃபரன்ட்லி ஏபிள்டுக்குக் கிடைக்கவில்லை.

1980களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த சொல் இது. நல்லெண்ணத்தோடுதான் வந்தது. ஆனால் அங்கே உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, இன்று ஐநாவின் மொழி வழிகாட்டுதல்களும் இதைத் தவிர்க்கவே சொல்கின்றன. ஏன் என்று யோசித்தால் நம்முடைய நன்னூலிலேயே ஒரு விளக்கம் கிடைக்கிறது. நேராகச் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்வது தகுதி வழக்கு, அது மூன்று வகை, அதில் மங்கலம் ஒன்று. செத்தார் என்று சொல்லாமல் துஞ்சினார் என்போம், சுடுகாட்டை நன்காடு என்போம். மங்கல வழக்கு எப்போது வருகிறது? ஒரு விஷயம் அமங்கலம், வாயால் சொல்லவே கூடாது என்று நினைக்கும்போது. ஒருவருடைய கண் தெரியாமையையோ நடக்க முடியாமையையோ மங்கலச் சொல்லால் மூடினால், சாவையும் சுடுகாட்டையும் வைத்திருக்கும் அதே வரிசையில் அவருடைய உடம்பையும் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். சொல்கிறவருக்கு நிம்மதி, சொல்லப்படுகிறவருக்கு நேராகப் பெயர் சொல்லக்கூட முடியாத ஒன்றாகத் தன் வாழ்க்கை தெரிகிறதே என்ற உறுத்தல்.

நடைமுறைச் சிக்கல் அதைவிடப் பெரிது. ஒரு படிவத்தில் நீங்கள் டிஃபரன்ட்லி ஏபிள்டா என்று கேட்டால் யார் ஆம் என்று சொல்வது? திறமை எல்லாருக்கும் வெவ்வேறுதான், பாடத் தெரிந்தவரும் இடது கையால் பந்து வீசுகிறவரும்கூட ஆம் என்று சொல்லலாம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தர ஒரு ஆள், வேலையில் இடஒதுக்கீடு, இவற்றையெல்லாம் கேட்கும்போது கையில் இருக்க வேண்டிய சொல் டிசெபிலிட்டி. ஐநாவின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இருப்பது பர்சன்ஸ் வித் டிசெபிலிட்டீஸ். இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதேதான், முன்பு 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்ற சட்டம் இப்போது 21 வகைகளை ஏற்கிறது. உங்களிடம் வேறுவிதத் திறமை இருக்கிறது என்று சொல்லும் சொல்லை வைத்து, எனக்கு இந்த இடத்தில் தடை இருக்கிறது, அதை நீக்குங்கள் என்று எப்படிக் கேட்பது? ஆஸ்திரேலியப் பத்திரிகையாளரும் மேடைப் பேச்சாளருமான ஸ்டெல்லா யங் 2014ல் பேசிய ஒரு உரையில், படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு புன்னகைத்தாலும் அது சாய்தளமாக மாறிவிடாது என்ற பொருளில் சொன்னார். டிஃபரன்ட்லி ஏபிள்டு செய்யச் சொல்வது அந்தப் புன்னகையைத்தான்.

ஸ்பெஷல் நீட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக் கல்வியில் அது ஒரு நிர்வாகச் சொல்லாக இருக்கிறது, அந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லும்போது பயன்படுத்தித்தான் ஆக வேண்டும். மற்றபடி சாப்பிடுவது, படிப்பது, பயணம் செய்வது, கழிவறைக்குப் போவது இதிலெல்லாம் என்ன ஸ்பெஷல் இருக்கிறது? எல்லாருக்கும் இருக்கும் தேவைதான். அமெரிக்க ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஒருவரை டிசெபிலிட்டி உள்ளவர் என்று விவரித்தபோது இருந்ததைவிட ஸ்பெஷல் நீட்ஸ் உள்ளவர் என்று விவரித்தபோதுதான் மக்கள் அவரைக் குறைவாக எடைபோட்டார்கள் என்று தெரியவந்தது. மென்மையாக இருக்கட்டும் என்று போடுகிற சொல் நேர் எதிராக வேலை செய்கிறது.

இங்கே சிலர் கேட்பார்கள்: எந்தச் சொல்லை வைத்தாலும் கொஞ்ச காலத்தில் அதுவும் வசைச்சொல் ஆகிவிடுமே, அப்புறம் எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? உண்மையிலேயே அப்படி நடந்திருக்கிறது. ஸ்பாஸ்டிக் என்பது தசை இறுக்கத்தைக் குறிக்கும் மருத்துவச் சொல், பிரிட்டனில் 1952ல் தொடங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரிலேயே அது இருந்தது, பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டும் சொல்லாக அது மாறிப்போனதால் 1994ல் நிறுவனம் ஸ்கோப் என்று பெயரை மாற்றிக்கொண்டது. மென்டல் ரிடார்டேஷன் என்பதும் ஒரு காலத்தில் நாகரிகமான மாற்றுச் சொல்தான், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து 2010ல் அது நீக்கப்பட்டு இன்டலெக்சுவல் டிசெபிலிட்டி வந்தது. மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1994லேயே இந்தச் சுழற்சியைப் பற்றி எழுதினார்: எண்ணம் மாறாதவரை புதுச் சொல்லிலும் பழைய அழுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். இவையெல்லாம் மருத்துவர்களும் நிர்வாகிகளும் மேலிருந்து வைத்த பெயர்கள். டிசேபிள்டு 1970களிலிருந்து இன்றுவரை தாக்குப்பிடித்து நிற்கிறது, அது பாதிக்கப்பட்டவர்களே கையில் எடுத்து, அர்த்தத்தை மாற்றி, போராட்டத்தில் பயன்படுத்திய சொல். அதனால்தான் யார் தேர்ந்தெடுத்தது என்ற கேள்வியை முதலில் வைத்தேன்.

சரி, மிச்சம் இருப்பது இரண்டு. பர்சன் வித் டிசெபிலிட்டியா, டிசேபிள்டு பர்சனா?

முதலாவது, ஆளை முன்னால் வைத்துக் குறைபாட்டைப் பின்னால் சொல்லும் முறை. இதற்கு வேர் 1974ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே கூடி நடத்திய ஒரு மாநாட்டில் இருக்கிறது. எங்களை முதலில் மனிதர்களாகப் பாருங்கள் என்பது அவர்கள் கோரிக்கை, பீப்பிள் ஃபர்ஸ்ட் என்பது அங்கே பிறந்த பெயர். வாழ்நாள் முழுக்க ஒரு நோயின் பெயராலேயே கூப்பிடப்பட்டவர்கள் அப்படிக் கேட்டதில் எவ்வளவு வலி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஐநாவும் அமெரிக்கச் சட்டமும் இந்திய சட்டமும் போனது இந்த வழியில்தான். ஐநா 1981ஐ டிசேபிள்டு பர்சன்ஸ் ஆண்டு என்றுதான் கொண்டாடியது, டிசம்பர் 3 தினமும் முதலில் அந்தப் பெயரில்தான் இருந்தது, உடன்படிக்கை வந்த பிறகு பர்சன்ஸ் வித் டிசெபிலிட்டீஸ் தினம் ஆனது.

இரண்டாவது, குறைபாட்டை அடையாளமாகவே ஏற்று முன்னால் வைக்கும் முறை. அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு 1993லேயே ஆளை முன்னால் வைக்கும் சுற்றி வளைத்த மொழி எங்களுக்கு வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. இந்தப் பக்கம் நிற்பவர்களின் வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஆங்கிலத்தில் அழகான பெண், புத்திசாலி மாணவர் என்றெல்லாம் அடைமொழியை முன்னால்தான் வைக்கிறீர்கள், அழகோடு கூடிய பெண் என்று யாரும் எழுதுவதில்லை, எங்களுக்கு மட்டும் அடைமொழியைப் பின்னால் தள்ளி மறைத்தால் அது அசிங்கமான ஒன்று என்று நீங்களே ஒப்புக்கொள்கிற மாதிரி இல்லையா? பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் டிசேபிள்டு பர்சன் என்றே பேசுகிறது, அங்கே இயக்கங்களும் அதையே விரும்புகின்றன.

இதில் நான் எடுக்கும் முடிவு இடத்தைப் பொறுத்தது. ஒரு படிவம், விதிமுறை, அரசுக்கு எழுதும் கடிதம், சட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டுரை என்றால் பர்சன் வித் டிசெபிலிட்டி, ஏனென்றால் அங்கே சட்டத்தின் சொல்லே பலம். பிரிட்டிஷ் வாசகர்களுக்கு எழுதினால், அல்லது தடைகளைப் பற்றி, உரிமையைப் பற்றிப் பேசும் கட்டுரை என்றால் டிசேபிள்டு பீப்பிள். ஒரே கட்டுரையில் இரண்டும் மாறி மாறி வந்தாலும் தப்பில்லை, அமெரிக்க உளவியல் சங்கத்தின் இப்போதைய நடைக் கையேடே இரண்டையும் ஏற்கிறது. ஆனால் தி டிசேபிள்டு என்று ஆளையே விட்டுவிட்டு ஒரு கூட்டமாக எழுதுவதைத் தவிருங்கள். பர்சன் வித் டிசெபிலிட்டியைப் பிடபிள்யூடி என்று மூன்று எழுத்தாகச் சுருக்கி ஒரு மனிதரைக் குறிப்பதும் எனக்கு ஒவ்வாது. ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால் அப்புறம் மாணவர், விண்ணப்பதாரர், வாக்காளர், பயணி என்று அவர் அங்கே எதுவாக வந்திருக்கிறாரோ அதையே சொல்லலாமே.

குறிப்பிட்ட சில சமூகங்களுக்குப் பொது விதி பொருந்தாது, இதில் அவசரப்படவே கூடாது. காது கேளாதவர்களில் சைகை மொழி பேசும் பெரும்பகுதியினர் தங்களை ஒரு மொழிச் சமூகமாகப் பார்க்கிறார்கள், டெஃப் என்ற சொல்லைப் பெரிய டி போட்டுப் பெருமையோடு எழுதுகிறார்கள். நாம் மரியாதை என்று நினைத்துப் போடும் ஹியரிங் இம்பேர்டு என்பதை உலக காது கேளாதோர் கூட்டமைப்பு ஏற்பதில்லை, அதில் பழுது என்ற பொருள் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் விஷயத்தில் 2016ல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வு சொல்வது கவனிக்க வேண்டியது: ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களை ஆட்டிஸ்டிக் என்று சொல்வதையே அதிகம் விரும்பினார்கள், பர்சன் வித் ஆட்டிசம் என்பதை அதிகம் விரும்பியவர்கள் அவர்களோடு வேலை செய்யும் தொழில்முறை ஆட்கள். கிரிப் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு, கிரிப்பிள் (முடம்) என்ற வசைச் சொல்லைச் சுருக்கித் திருப்பிப் பிடுங்கிக்கொண்ட சொல் அது, வெளியிலிருந்து நாம் எடுத்துப் பயன்படுத்த உரிமை கிடையாது. ஒரு தனி மனிதரைப் பற்றி எழுதுகிறோம் என்றால் அவரிடமே கேட்டு அவர் சொல்வதைப் போடுவதுதான் சரி, அவர் ஹேண்டிகேப்டு என்று சொன்னாலும் சரி, டிஃபரன்ட்லி ஏபிள்டு என்று சொன்னாலும் சரி.

பெயர்ச்சொல்லைச் சரியாகப் போட்டுவிட்டு வினைச்சொல்லில் கோட்டை விடுவதையும் நிறையப் பார்க்கிறேன். சஃபர்ஸ் ஃப்ரம் என்று எழுதினால் அவர் எப்போதும் துன்பத்தில்தான் இருக்கிறார் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம், ஹேஸ் என்று எழுதினால் போதும். வீல்சேர் பவுண்ட் என்றால் நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி, உண்மையில் அந்த நாற்காலிதான் அவரை வெளியே கொண்டுவருகிறது, வீல்சேர் யூசர் என்று எழுதுங்கள். டிசெபிலிட்டி இல்லாத மற்றவர்களைச் சொல்லும்போது நார்மல் வேண்டாம், நான்-டிசேபிள்டு (டிசேபிள்டு அல்லாதவர்) போதும். இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் திரைப்படங்களில் சித்திரிப்பு பற்றிய ஒரு வழக்கில் கொடுத்த தீர்ப்பில் கிரிப்பிள், ஸ்பாஸ்டிக் மாதிரியான சொற்கள் மக்கள் மனதில் இழிவான பொருளைப் பெற்றுவிட்டன என்று சுட்டிக்காட்டி, மொழியில் கவனம் தேவை என்றே சொன்னது.

இடங்களுக்கும் வசதிகளுக்கும் பெயர் வைக்கும்போது இந்தப் போட்டியே தேவையில்லை. ஹேண்டிகேப்டு பார்க்கிங், டிசேபிள்டு டாய்லெட் எதுவும் வேண்டாம், இரண்டாவதைப் படித்தால் கழிவறை பழுதாகிக் கிடக்கிறது என்றுகூட ஒருவர் நினைக்கலாம். ஆக்சசிபிள் பார்க்கிங், ஆக்சசிபிள் டாய்லெட், ஆக்சசிபிள் என்ட்ரன்ஸ், அவ்வளவுதான். சக்கர நாற்காலி ஓவியத்தை எல்லாருக்கும் தெரியும், டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற மாணவி 1968ல் வரைந்த வடிவத்திலிருந்து வந்தது அது, அதைப் போட்டுக் கீழே இந்தச் சொல்லை எழுதினால் போதும்.

பழைய ஆவணங்களைப் பற்றியும் கேட்பார்கள். பழைய சட்டத்தின் பெயர், பழைய நிறுவனத்தின் பெயர், மேற்கோள் எதையும் திருத்த வேண்டாம், இருந்தபடியே கொடுத்துவிட்டு நம் வாக்கியத்தில் இன்றைய சொல்லைப் பயன்படுத்தினால் போதும். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பெயரில் மென்டல் ரிடார்டேஷன் இருக்கிறது, சட்டத்தைக் குறிப்பிடும்போது அப்படியே எழுதித்தான் ஆக வேண்டும், அடுத்த வரியில் அந்த மக்களைப் பற்றிச் சொல்லும்போது பர்சன்ஸ் வித் இன்டலெக்சுவல் டிசெபிலிட்டி. உங்கள் கையில் இருக்கும் படிவத்தையோ நீங்களே திருத்தலாம்: நீங்கள் டிஃபரன்ட்லி ஏபிள்டா என்ற வரியை எடுத்துவிட்டு, உங்களுக்கு டிசெபிலிட்டி இருக்கிறதா என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இன்னொரு கேள்வி, அதை எழுத நாலு வரி இடம்.